நல்லாருக்கு என்று சொல்லிப் போனவர்கள்

எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா பூண்டுக்கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மதுரையில் பல ஆபீஸ்களின் படியை ஏறி இறங்கி, கடைசியில் எங்கள் மலையிலேயே, கொடைக்கானலில் வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்திருந்தது. 'கிராஜுவேட் டிரெய்னி' என்று போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் பூம்பாறைக்குப் பஸ் ஏறினேன். அப்பா ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். யாருடைய கம்பெனி, எங்கே தங்குவாய், பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டடத்தில் என்ன வேலை, இப்படி எதையாவது. அவர் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "நல்ல சோலி தாயி. ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

பாராட்டியதற்கு ஏன் முகம் விழ வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கு வடுகபட்டிச் சந்தையைப் பார்த்திருக்க வேண்டும். அடுப்புப் புகையில் பதமாகக் காய்ந்த பூண்டை மூட்டை கட்டி அப்பா அங்கேதான் இறக்குவார். பள்ளிக்கூட லீவில் நானும் லாரியில் தொற்றிக்கொண்டு போவேன். வாங்க நினைக்கும் வியாபாரி வாயைத் திறந்தால் வசவுதான் வரும். பல் சிறுசு என்பார், புகை ஏறவில்லை என்பார், ஈரத்தோடு கொண்டுவந்து தலையில் கட்டப் பார்க்கிறாய் என்பார். அப்பாவும் சளைக்காமல் கத்துவார். தொண்டை கட்டிய பிறகு மூட்டை கைமாறும். வாங்கப் போகாத வியாபாரி ரொம்ப மரியாதைக்காரர். ஒரு பூண்டை எடுத்து மோந்து பார்த்து, அருமையான சரக்கு என்று மெச்சிவிட்டு அடுத்த மூட்டைக்கு நகர்ந்துவிடுவார்.

இந்தப் பழக்கம் எங்கள் ஊரில் சந்தையோடு நிற்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் காபியைக் குடித்துவிட்டு, பொண்ணும் நல்லாருக்கு, வீடும் நல்லாருக்கு என்று எழுந்துவிட்டால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். ஒரு பொருளில் குறை சொல்லிவிட்டால் அதை வாங்கியாக வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அதனால் வேண்டாததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்பா என் வேலையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிக் கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டேன்.

எங்கள் முதலாளி பழனிக்காரர். மலை அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். கடையிலிருந்து லாட்ஜ், லாட்ஜிலிருந்து வீட்டுமனை என்று வளர்ந்து மலை ஏறி வந்திருந்தார். பஜாரில் ஒரு பாயின் ஸ்வெட்டர் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். கல்லூரியில் வீடு என்றால் எனக்குத் தூணும் உத்தரமும்தான். இங்கே வந்த பிறகுதான், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி வேலை நடந்துவிடுகிறது என்று தெரிந்தது. சரிவில் மண் நிற்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும், லாரி எந்த வளைவு வரை ஏறும், மலைப்பகுதி அனுமதிக்கு எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும், பக்கத்து நிலத்துக்காரருக்கு நம்மீது என்ன கோபம். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. இயல்பிலேயே நான் கொஞ்சம் சண்டைக்காரி. தினமும் யாருடனாவது மல்லுக்கு நிற்கலாம், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்?

நான் சேர்ந்த சமயத்தில் பூம்பாறையில் எங்கள் தெருவே கலங்கிப்போய்க் கிடந்தது. முந்தைய மழையில் சரிவு இறங்கி வீட்டுச் சுவர்கள் வெடித்திருந்தன. எங்கள் வீட்டுப் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். ஊருக்கு மேலே, ரோட்டை ஒட்டிக் கெட்டியான தரையில் முதலாளிக்கு இடம் இருந்தது. அதில் எங்கள் தெருக்காரர்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுப்பது என்று திட்டம். கடன் தர வங்கியும் சம்மதித்திருந்தது. ஊர்ப் பெண் என்பதால் குடும்பங்களிடம் பேசிக் கையெழுத்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பனிக்காலம் முடிவதற்குள் போதுமான குடும்பங்கள் வராவிட்டால் அதே இடத்தில் டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டிவிடுவேன் என்று முதலாளி என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தச் சுவர்கள் தாங்காது. அதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை. அந்தச் சுவரோரம் படுத்து வளர்ந்தவளுக்கே தெரியும்.

முதலில் மாதிரி வீடு ஒன்று எழும்பியது. வரைபடம் கோயம்புத்தூரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசிலிருந்து வந்தது. வெள்ளை டைல்ஸ், கேஸ் அடுப்புக்கு மேடை, ஹாலில் பெரிய ஜன்னல், மேலே தட்டையான கான்கிரீட் கூரை. எல்லா அறையிலும் உச்சியில் ஃபேன் மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். மார்கழியில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும் ஊரில் ஃபேன் கொக்கி! நான் சிரித்ததைப் பார்த்து முதலாளி, அது எல்லா பிளானிலும் வருவதுதானம்மா என்றார்.

திறப்பு அன்றைக்குத் தெருவே திரண்டு வந்தது. செருப்பை வெளியே விட்டு, கோயிலுக்குள் நுழைவது மாதிரி நுழைந்தார்கள். டைல்ஸைத் தொட்டுப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள், டீயும் பன்னும் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து முதலாளியைக் கும்பிட்டு, நல்லாருக்குங்க, ரொம்ப நல்லாருக்குங்க என்று சொன்னார்கள். அப்பாவும் வந்திருந்தார். ஹாலில் நின்று அண்ணாந்து கூரையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் போய், வீடு நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதலாளிக்கோ வாயெல்லாம் பல். திரும்பி வரும்போது ஜீப்பிலேயே சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் போன் போட ஆரம்பித்துவிட்டார். "ஒருத்தர் வாயிலகூட ஒரு குறை வரலயேம்மா" என்றார்.

"அதனாலதான் சார் ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தங்கள் கடைக்கு வந்து நல்லாருக்கு என்று சொன்னவர் யாரும் வாங்காமல் போனதில்லை என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். முருகன் பஞ்சாமிர்தத்தில் யார் குறை சொல்லுவார்? நாக்கில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பாவை வாங்கிப் போவார்கள். தலைமுறையாகப் பிரசாதம் விற்ற குடும்பத்தில் பாராட்டு என்றால் வியாபாரம் முடிந்தது என்று பொருள். தலைமுறையாகப் பூண்டு விற்ற எங்கள் வீட்டில் அதே பாராட்டைக் கேட்டால் மூட்டையைத் திரும்பக் கட்டுவோம். ஒரே மலையின் மேலும் கீழும் இருந்துகொண்டு இப்படி ஒரு வித்தியாசம்.

நான் சொன்னபடியே ஆயிற்று. நாட்கள் போயின. கையெழுத்துப் போட ஒரு ஈ காக்கை வரவில்லை. முதலாளியின் மேஜையில் காட்டேஜ் வரைபடம் வந்து உட்கார்ந்தது.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பா அண்ணாந்து தேடியது பரணை. எங்கள் வீடுகளில் விறகடுப்புக்கு மேலே பரண் இருக்கும். பூண்டைக் கட்டுக்கட்டாக அதில் தொங்கவிடுவோம். அடியில் சோறு வெந்தால் மேலே பூண்டு காயும். மாதக்கணக்கில் புகை ஏறினால்தான் அது கெடாது, அடுத்த நடவுக்கு விதையாகவும் நிற்கும். இந்தக் கான்கிரீட் வீட்டில் அடுப்பும் கிடையாது, பரணும் கிடையாது. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கும் மாதங்களில் பூண்டு முளைத்து வீணாகிவிடும். பூண்டுக்கு இடமில்லாத வீட்டில் நாங்கள் வெறும் விருந்தாளிகள்.

இதை முதலாளியிடம் சொன்னேன். அப்படியென்றால் அவர்கள் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்த சட்டையில் பட்டன் சரியில்லை என்று நீங்கள் சொல்வீர்களா சார் என்றேன். அதற்கு அவர், இதெல்லாம் உன்னுடைய யூகம், அவர்கள் வாயாலேயே கேட்டால் பிளானை மாற்றுகிறேன், உன் பேச்சை மட்டும் நம்பி மாற்ற முடியாது என்றார். எனக்குக் கோபம் வந்தாலும் நியாயம் என்று பட்டது.

பூம்பாறைக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அந்த வீட்டில் என்ன குறை, மனசு விட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். குறையா, அதெல்லாம் ஒன்றுமில்லை தாயி, அரண்மனையாட்டம் இருக்கு என்றார்கள். இப்படிக் கேட்டால் நடக்காது என்று புரிந்தது. சந்தையில் யாரும் யாரையும் குறை சொல்லும்படி கெஞ்சுவதில்லை. சரக்கைப் பார்த்ததும் வயிறு எரிய வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கொக்கி ஞாபகம் வந்தது.

அப்பாவிடம் போய், நல்ல பூண்டாக ஒரு கட்டு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் பரணில் ஏறி, விதைக்கென்று வைத்திருந்த கட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் மாதிரி வீட்டு ஹாலில், வெள்ளைச் சுவருக்கு நடுவே, பெரிய ஜன்னலுக்கு நேரே, ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டேன். பார்க்க அலங்கார விளக்கு மாதிரி இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் டீ குடிக்க வாருங்கள் என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினேன். முதலாளியையும் வரச் சொன்னேன்.

முதலில் உள்ளே வந்தது பக்கத்து வீட்டு அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பூம்பாறையில் அவர் கூப்பிட்டால் எதிர்மலையில் களை எடுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாசலைத் தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்தக் கிறுக்கச்சி இத இங்கன தொங்கவிட்டவ?" என்றார்.

நான்தான் அத்தை என்றேன். நல்ல வெளிச்சமான இடம், காற்றும் வரும், இனி எல்லோரும் பூண்டை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

அத்தைக்கு மூச்சு வாங்கியது. "ஏண்டி, படிச்சவதானே நீயி? பொகையில்லாம இது எப்பிடிடி நிக்கும்? ஒரு மஞ்சுக்கு மொளச்சுப் போயிரும்ல. வெதப்பூண்டுடி இது!"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அடுப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். இந்த மேடையில் நின்று யார் சோறு பொங்குவது, குளிரில் எங்கே உட்கார்ந்து கை காய்வது என்று இன்னொருவர். உருளைக்கிழங்கு மூட்டையோடு இந்தக் கதவில் நுழைந்து காட்டச் சொல்லி ஒரு சித்தப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். நனைந்த துணியைப் போட இடமில்லை, பின்வாசல் இல்லை, பனிக்காற்று அடிக்கும் பக்கம் பார்த்து ஜன்னலை வைத்தவன் எந்த ஊர்க்காரன் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அன்றைக்குக் கோயில் மாதிரி நுழைந்தவர்கள் இன்றைக்குத் தங்கள் வீடு மாதிரி அறை அறையாகப் புகுந்து சுவரைத் தட்டினார்கள், கதவை உதைத்துப் பார்த்தார்கள். நானும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துக் கத்தினேன். எனக்குத் தொண்டை கட்டியது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

முதலாளி முகம் வெளுத்துப்போய் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்தார். "என்னம்மா இப்படித் திட்டுறாங்க? அவ்வளவும் போச்சா?"

"வித்துருச்சு சார்" என்றேன்.

வெளியே வேலையாட்கள் குளிர்காய்ந்த இடத்திலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துவந்து அந்த வெள்ளைச் சுவரிலேயே வரையத் தொடங்கினேன். வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போலத் தனியாக அடுப்பறை. சாய்ப்பாக ஓட்டுக் கூரை. அதற்கடியில் மரப்பலகைப் பரண். மூட்டை நுழையும் அகலத்தில் பின்வாசல். நான் ஒரு கோடு போட்டால் யாராவது கையால் அழித்துவிட்டு வேறு இடத்தில் போடச் சொன்னார்கள். அத்தை என் கையிலிருந்து கரியைப் பிடுங்கி அடுப்பைத் தானே வரைந்தார். முதலாளியின் வெள்ளைச் சுவர் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் வலிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், இந்தச் சுவரைப் போட்டோ எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பம்மா என்றார்.

அவ்வளவு ரகளையிலும் அப்பா வாசற்கதவில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு, கொக்கியிலிருந்து பூண்டுக்கட்டைப் பதமாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "நல்லா நடத்துன தாயி" என்றார். ஊரே என் சரக்கைத் திட்டித் தீர்த்த நாளில் அவர் மட்டும் மறுபடியும் மெச்சிவிட்டுப் போனார். அன்றைக்கு அழுதேன். சொல்வதற்கென்ன, நன்றாகவே அழுதேன்.

மாற்றிய பிளானுக்கு மறுபடி அனுமதிக்கு அலைந்தேன். புகை சுவரைக் கெடுக்கும், ஓடு வைத்தால் செலவு கூடும் என்று வந்த ஒவ்வொரு மறுப்போடும் மோதினேன். பனி விலகுவதற்குள் எங்கள் தெருக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து கையெழுத்துப் போட்டன. காட்டேஜ் வரைபடத்தை முதலாளி சுருட்டி அலமாரிக்கு மேலே எறிந்தார். என் அட்டையில் டிரெய்னி என்ற சொல் போய் இன்ஜினியர் என்று வந்தது. கையெழுத்துப் போடாத ஒரே வீடு எங்கள் வீடு. அம்மா எப்போதோ தயார், அப்பாதான் அசையவில்லை. கடைசி வீடு ஒன்றை நான் யாருக்கும் ஒதுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு அது தெரியும். ஆனாலும் ரொம்ப நாள் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். விரிசல் விட்ட சுவரோடு இன்னொரு மழைக்காலத்தை அவர்கள் அந்த வீட்டில் கழிப்பதை நினைத்தாலே எனக்கு உதறல் எடுத்தது.

முதலில் முடிந்தது அத்தையின் வீடு. பால் காய்ச்சிய அன்றைக்கே அடுப்பறையிலும் விறகு மூட்டினார்கள். பரணில் அத்தையின் பூண்டு வரிசையாகத் தொங்கியது. புகை மெல்ல எழுந்து பலகைச் சந்தில் நுழைந்து, ஓட்டுக்கடியில் விட்டிருந்த திறப்பு வழியாக வெளியேறியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையா வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை. வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா திடீரென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மேலே பாதி உடம்பு புகைக்குள் இருக்க, அவர் ஒரு பலகையை ஆட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு திறப்புக்கு நேரே கையை நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இருமல் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் வந்தது வடுகபட்டிக் குரல்.

"ஏத்தா, எவன் இந்தப் பொகைவழிய இம்புட்டு அகலமா வச்சவன்? பொகை தங்காம வெரசா ஓடிப்போகுது. பூண்டு எப்பிடிக் காயும்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் சந்தைப் பழக்கம் விடவில்லை. "எல்லாம் காயும். ஒங்க வீட்டுப் பொகை மாதிரி கண்ணு போற பொகையா இது?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

பலகைச் சந்து அகலம், கட்டு நழுவி அடுப்பில் விழும் என்றார். விழாது என்றேன். பரண் தாழ்வு, அடியில் ஒரு ஆள் குனிந்துதான் நிற்க வேண்டும் என்றார். அடியில் நிற்பது அடுப்பு, ஆள் இல்லை என்றேன். ஏணியை விட்டு இறங்கி வந்தும் அவர் நிறுத்தவில்லை. பின்வாசல் கதவு உள்பக்கம் திறக்கிறது, மூட்டையோடு வருகிறவன் என்ன செய்வான் என்று கேட்டார். முதலாளி ஓரமாக நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது அவருக்கும் எங்கள் ஊர்ப் பாஷை கொஞ்சம் பழகியிருந்தது. சத்தமில்லாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். கூரை போடாமல் நின்ற அந்த வீட்டுக்குள் புகுந்து, அடுப்பறையின் நடுவே நின்றுகொண்டு கையை உயர்த்திப் பரண் எங்கே வர வேண்டும் என்று காட்டினார். என் பையிலிருந்து பென்சிலை எடுத்து அவர் விரல் நுனி பட்ட இடத்தில் சுவரில் கோடு போட்டேன். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். மேலே போட்டேன். ரோட்டில் கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் இறங்கியது. நான் திரும்பிப் போக அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். அப்பாவுக்கும் அது தெரியும்.

"வாசப்படியும் ஒசரமால்ல கெடக்கு" என்றார்.

நான் பென்சிலைச் சீவிக்கொண்டு, "அப்புறம்?" என்றேன்.